வயிற்றுப் பெருந்தமனி ஆபரேஷன்: எந்த வழியாகப் போகிறார்கள், ஏன் அந்த வழி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்பது களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில். வேலை பார்த்தது அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில், ரத்தக்குழாய் அறுவை நடக்கும் தியேட்டரில் நர்ஸாக. ஓய்வு பெற்ற பிறகும் சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஸ்கேன் கவரோடு வீட்டுக்கு வருகிறார்கள். டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொன்னதில் பாதி புரிந்திருக்கும், மீதி பயம். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். உங்கள் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால், அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ரிப்போர்ட்ல ‘ஏ.ஏ.ஏ.’ன்னு எழுதியிருக்கு சிஸ்டர். அது எங்க இருக்கு, என்ன நோய்?

இதயத்திலிருந்து கிளம்பி உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்தான் அயோர்ட்டா, அதாவது பெருந்தமனி. அது நெஞ்சிலிருந்து வயிற்றுக்குள் இறங்கி, முதுகெலும்பை ஒட்டியே ஓடி, ஏறத்தாழ தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் குறுக்களவு சாதாரணமாக 2 செ.மீ. அளவில் இருக்கும். சுவர் பலவீனமாகிப் புடைத்து 3 செ.மீ. ஆகிவிட்டால் அனூரிசம் என்கிறார்கள். ஏ.ஏ.ஏ. என்பது வயிற்றுப் பெருந்தமனி அனூரிசத்தின் சுருக்கம்.

‘வயிற்றில்’ என்று சொல்கிறோமே தவிர, அந்தக் குழாய் முதுகுக்குத்தான் பக்கம். முன்னால் தசை, குடல், இரைப்பை, கணையம். பின்னால் எலும்பு. இரண்டு பக்கமும் சிறுநீரகங்கள். எந்தப் பக்கமிருந்து போனாலும் வழியில் எதையாவது ஒதுக்கித்தான் ஆக வேண்டும். யாருக்கு எதை ஒதுக்குவது பாதுகாப்பு என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தழும்பின் நீளம் அதற்கு அப்புறம் வரும் விஷயம்.

2. 4.6 செ.மீ. இருக்காம். உடனே அறுக்கணுமா? இங்க ஒருத்தர் கஷாயத்துல கரைச்சிடலாம்னு சொல்றார்.

பொதுவாக ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. தொட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். அதற்குக் குறைவாக இருந்தாலும் வேகமாகப் பெருத்தாலோ, வயிற்றிலோ முதுகிலோ வலி கொடுத்தாலோ காத்திருக்க மாட்டார்கள். 4.6 என்றால் பெரும்பாலும் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த அளவில் வெடிக்கும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான். ஆபரேஷனின் ஆபத்து அதைவிட அதிகம்.

கஷாயமோ மாத்திரையோ புடைத்த குழாயைச் சுருக்காது. பீடியையும் சிகரெட்டையும் விட்டால் பெருக்கும் வேகம் குறையும். ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். கஷாயம் குடித்தே தீர்வேன் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், மறைத்துக் குடிக்காதீர்கள்.

3. வயிற்றைக் கீறாம விலாப்பக்கமா போவோம்னு சொல்லியாவ. பக்கவாட்டுல கீறி எப்படி வயிற்றுக்குள்ள இருக்கிற குழாயைப் பிடிப்பாங்க?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குடல்கள் எல்லாம் பெரிடோனியம் என்ற மெல்லிய உறைக்குள் இருக்கின்றன. பெருந்தமனி அந்த உறைக்கு வெளியே, பின்னால் இருக்கிறது. நடுவயிற்றைத் திறந்து போனால் அந்த உறையை முன்பக்கம் வெட்டி, குடலை ஒதுக்கி, பின்பக்கம் மறுபடி உறையை வெட்டித்தான் குழாயை எட்ட முடியும். பக்கவாட்டில் போனால் உறையைத் திறக்கவே வேண்டாம். வயிற்றுச் சுவரின் தசைகளைக் கடந்ததும் உறையை முழுசாக, நுங்கின் தோலைக் கிழியாமல் உரிப்பதுபோல விரலால் மெல்ல விலக்கி, குடலோடு சேர்த்து வலது பக்கம் தள்ளிவிடுவார்கள். குடல் கண்ணிலேயே படாது. உறைக்குப் பின்னால் போவதால் இதை ரெட்ரோபெரிடோனியல் வழி என்கிறார்கள்.

படுக்க வைப்பதே ஒரு தனி வேலை. நோயாளியின் தோளும் மார்பும் வலது பக்கம் நன்றாகத் திரும்பியிருக்கும், இடுப்பு மட்டும் கூடியவரை மல்லாந்த நிலையில் இருக்கும். தொடைப் பகுதியில் உள்ள ரத்தக்குழாயும் தேவைப்படலாம் என்பதால்தான் இந்தத் திருகு. காற்றை உறிஞ்சினால் இறுகிக்கொள்ளும் மெத்தையால் உடம்பை அந்த நிலையிலேயே நிறுத்திவிட்டு, மேசையை இடுப்பு மட்டத்தில் மடிப்போம். அப்போது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடம் விரியும். கீறல் இடது பக்கம் 10, 11-ஆவது விலா எலும்புகளின் பக்கத்தில் தொடங்கித் தொப்புளுக்குக் கீழ் நோக்கிச் சாய்வாக வரும். இந்தப் படுக்கையைச் சரியாக அமைக்கவில்லை என்றால் அப்புறம் ஆபரேஷன் முழுவதும் கஷ்டம்தான். அதனால் நல்ல சர்ஜன்கள் இதை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

இடது சிறுநீரகத்தை இருந்த இடத்திலேயே விட்டு அதற்கு முன்னால் போகலாம், அல்லது அதையும் உறையோடு சேர்த்து முன்னால் தூக்கி அதற்குப் பின்னால் போகலாம். தூக்கினால் சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே உள்ள பகுதிவரை பெருந்தமனி நன்றாகத் தெரியும். அப்படித் தூக்கும்போது சிறுநீரகச் சிரையிலிருந்து பின்னால் போகும் ஒரு கிளையைக் கட்டி வெட்ட வேண்டும். அது கிழிந்தால் ரத்தம் கொட்டும். அந்தக் கட்டத்தில் தியேட்டரில் யாரும் பேச மாட்டோம்.

4. அப்போ நடுவயிற்றைக் கீறுறது பழைய முறை, விலாப்பக்கம் புது முறையா?

வரலாறு அப்படி இல்லை. வயிற்றுப் பெருந்தமனி அனூரிசத்தை வெட்டி எடுத்து அந்த இடத்தில் வேறு குழாயை முதன்முதலில் வெற்றிகரமாக வைத்தவர் பாரிஸைச் சேர்ந்த ஷார்ல் துபோஸ்த். 1951 மார்ச்சில் நடந்தது. இறந்தவர் ஒருவரிடமிருந்து எடுத்த தமனியைத்தான் வைத்தார். அவர் போனதே பெரிடோனியத்தைத் திறக்காத இடதுபக்க வழியில்தான். அதற்கு முன்பெல்லாம் குழாயைச் சுற்றி ஏதாவது சுற்றி வைப்பார்கள். ஐன்ஸ்டைனுக்கு 1948-ல் செலோஃபேன் தாளால் சுற்றினார்கள். 1955-ல் அது வெடித்தபோது அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

செயற்கைத் துணிக்குழாய்கள் வந்த பிறகு, எல்லா சர்ஜன்களுக்கும் பழக்கமான நடுவயிற்று வழி பரவிவிட்டது. 1963-ல் சார்ல்ஸ் ராப் பக்கவாட்டு வழியில் செய்த தன் நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1980-ல் மெல்வில் வில்லியம்ஸும் கூட இருந்தவர்களும் அதை இன்னும் பின்னால் தள்ளி, சிறுநீரகத்தைத் தூக்கிச் செய்வதை விவரித்தார்கள். இரண்டு வழிகளுக்கும் வயது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

5. குடலைத் தொடாம செய்யலாம்னா எல்லாருக்கும் அப்படியே செய்ய வேண்டியதுதானே?

எல்லோரும் நினைப்பது அதுதான். ஆனால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. 1990-ல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு பெரிய வித்தியாசம் இல்லை என்றது. 1995-ல் செயின்ட் லூயிஸிலிருந்து வந்தது, பக்கவாட்டில் செய்தவர்களுக்குக் குடல் அசையத் தாமதமாவது குறைவு, ஐ.சி.யூ.வில் இருக்கும் காலமும் குறைவு என்றது. ஆனால் காயத்தின் வலி நீண்ட நாள் இருந்தது இவர்களுக்குத்தான் அதிகம். உயிர் பிழைப்பதில் இந்த வழி அந்த வழியை வென்றது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

பக்கவாட்டு வழிக்கு எட்டாத இடங்களும் உண்டு. இடது பக்கமிருந்து போகும்போது வலது இடுப்புத் தமனி தூரம். அங்கேயும் புடைப்பு இருந்தால் வலது அடிவயிற்றில் இன்னொரு கீறல் போட வேண்டிவரும். வலது சிறுநீரகத் தமனிக்கு பைபாஸ் வேண்டும் என்றாலும் சிரமம். குடலையோ கல்லீரலையோ கண்ணால் பார்க்க முடியாது. ஆபரேஷன் முடிவில் குடலின் நிறத்தைப் பார்த்து உறுதி செய்ய நினைத்தால் உறையில் ஒரு துவாரம் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நடுவயிற்று வழியில் இவை எல்லாம் கண்முன் இருக்கும், திறப்பதும் வேகம்.

என் கருத்தைக் கேட்டால்: அந்த சர்ஜன் எந்த வழியில் அடிக்கடி செய்கிறாரோ, அதற்கு நிறைய மதிப்பு கொடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை பக்கவாட்டில் போகிறவரைவிட வாரந்தோறும் நடுவயிற்றில் போகிறவர் கையில் நான் படுப்பேன்.

6. எப்பவும் இடது பக்கம்தானா? எனக்க அப்பாவுக்கு இடது பக்கம் ஏற்கெனவே தழும்பு உண்டு.

பெரும்பாலும் இடதுதான். வலது பக்கம் கல்லீரல் மறைக்கும், அதோடு கீழ்ப்பெருஞ்சிரை பெருந்தமனியின் வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. மெல்லிய சுவருள்ள அந்தச் சிரையைத் தாண்டிப் போக யாரும் விரும்புவதில்லை. ஆனால் இடது பக்கம் குடல் வாய் வெளியே வைக்கப்பட்டிருந்தாலோ, அங்கே முன்பே பெரிய அறுவை நடந்திருந்தாலோ வலது பக்கமாகப் போவதும் உண்டு. சின்னத் தழும்பு ஒன்றும் தடையில்லை. அது எதற்காகப் போட்ட தழும்பு என்பதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

7. எனக்க மாமாவுக்கு வயிற்றுல ரெண்டு ஆபரேஷன் முடிஞ்சாச்சு. மறுபடி அதே இடத்துல திறக்க முடியுமா?

இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் பக்கவாட்டு வழி கைகொடுக்கும். முன்பு திறந்த வயிற்றில் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். அதைப் பிரிக்கவே மணிக்கணக்காகும், குடலில் ஓட்டை விழுந்தால் செயற்கைக் குழாயில் கிருமி சேரும் அபாயம். கதிர்வீச்சு சிகிச்சை எடுத்த வயிறு, வயிற்றுச் சுவரில் பை மாட்டியிருப்பவர்கள், வயிறு வழியாக டயாலிசிஸ் செய்பவர்கள், மிகவும் பருமனானவர்கள் எல்லோருக்கும் இதே கணக்குதான்.

குதிரைலாட வடிவச் சிறுநீரகம் என்று ஒன்று உண்டு. இரண்டு சிறுநீரகங்களும் பெருந்தமனிக்கு முன்னால் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். நடுவில் திறந்தால் அது வழியை மறிக்கும், பக்கவாட்டில் போனால் அதன் பின்னாலேயே போய்விடலாம். இன்னொன்று, சுவர் தடித்து வீக்கம் கண்ட வகை அனூரிசம். இதில் சிறுகுடலின் முதல் பகுதி பெருந்தமனியின் முன்பக்கத்தோடு பிசின் போல ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்கப் போகாமல் பக்கத்திலிருந்து அணுகுவதே புத்திசாலித்தனம். இதற்கு எதிர்மாறாக, சிலருக்குப் பிறவியிலேயே இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்குப் பின்னால் ஓடும். அவர்களிடம் 3-வது பதிலில் சொன்னபடி சிறுநீரகத்தைத் தூக்கினால் அந்தச் சிரை குறுக்கே வந்து நிற்கும். இதையெல்லாம் சி.டி. ஸ்கேனில் முன்பே பார்த்துவிடுவார்கள்.

8. கேமரா விட்டு, சின்ன ஓட்டை போட்டு செய்ய முடியாதா? ரோபோ இருக்குன்னு சொல்றாங்களே?

பித்தப்பைக்குப் போடும் ஓட்டையோடு இதை ஒப்பிடாதீர்கள். இங்கே பெருந்தமனியில் கிளாம்ப் போட்டு ரத்தத்தை நிறுத்தி, அந்த நேரத்துக்குள் துணிக்குழாயைச் சுற்றிலும் தைத்து முடிக்க வேண்டும். முழுக்க லாப்ரோஸ்கோப்பியில் செய்தவர்கள் உண்டு. கனடாவின் கியூபெக்கில் 1993-ல் லாப்ரோஸ்கோப்பி உதவியோடு பெருந்தமனி பைபாஸ் செய்தார்கள், அப்புறம் பிரான்ஸிலும் செய்தார்கள். செக் நாட்டின் பிராகில் ரோபோ வைத்து நிறையச் செய்திருக்கிறார்கள். ஆனால் கிளாம்ப் போட்டு வைக்கும் நேரம் நீளும், கற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆகும். 9-வது பதிலில் வரும் ஸ்டென்ட் முறை பரவியதும் இதைக் கற்றுக்கொள்ள ஆர்வம் குறைந்துவிட்டது.

நடைமுறையில் பார்க்கக்கூடியது ‘மினி’ கீறல். தொப்புளைச் சுற்றி 8 முதல் 12 செ.மீ. நீளத்தில் திறந்து, குடலை வெளியே எடுக்காமல் உள்ளேயே ஒதுக்கிச் செய்வது. ஒல்லியான ஆட்களுக்கு, புடைப்பு சிறுநீரகத் தமனிகளுக்கு நன்றாகக் கீழே இருந்தால், இது நல்ல வழி. நீளவாக்கில் கீறாமல் தொப்புளுக்கு மேலே குறுக்காகக் கீறுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் மூச்சு விடும்போது வலி குறைவு என்பார்கள், ஆனால் திறக்கவும் மூடவும் நேரம் கூடுதல்.

9. தொடை வழியா ஸ்டென்ட் வெச்சா ஆபரேஷனே வேண்டாமே. எதுக்கு இவ்வளவு பேச்சு?

சரி, நியாயமான கேள்வி. தொடைத் தமனி வழியாக மடித்த ஸ்டென்ட் கிராஃப்டைக் கொண்டுபோய் உள்ளே விரிக்கும் முறையை ஈவார் என்கிறார்கள். 1990 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரெஸில் வான் பரோடி வயிற்றுப் பெருந்தமனியில் செய்தார். இன்று பல இடங்களில் முதலில் யோசிப்பதே இதைத்தான். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஸ்டென்ட்டில் 1.7 சதவீதம், திறந்து செய்ததில் 4.7 சதவீதம். ஆனால் அதே நோயாளிகளை 15 வருஷம் தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியிட்டபோது, 8 வருஷத்துக்கு அப்புறம் திறந்து செய்தவர்கள் நிலை மேலாக இருந்தது. அதனால் வயது, இதயம், நுரையீரல் நிலை எல்லாம் பார்த்துத்தான் சொல்வார்கள்.

எல்லோருடைய குழாயும் ஸ்டென்ட்டுக்கு இடம் கொடுக்காது. சிறுநீரகத் தமனிக்குக் கீழே ஸ்டென்ட் பிடித்துக்கொள்ள 10 முதல் 15 மி.மீ. நல்ல சுவர் வேண்டும், அது அதிகம் வளைந்திருக்கக் கூடாது, தொடையிலிருந்து ஏறும் தமனிகள் மிகக் குறுகலாக இருக்கக் கூடாது. சிறுநீரகத் தமனிகளுக்கு ஜன்னல் வைத்த ஸ்டென்ட்டுகளும் உண்டு, விலை மிக அதிகம். ஸ்டென்ட் வைத்த பிறகு ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வேலையிலோ கடலிலோ இருப்பவர், ‘ஒழுங்காக வர முடியாது’ என்றால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. முடிவையே அது மாற்றலாம்.

10. ஸ்டென்ட் வெச்சு நாலு வருஷம் ஆச்சு, இப்போ ‘லீக்’னு சொல்லியாவ. மறுபடி திறக்கணுமா?

எல்லா லீக்குக்கும் திறக்க வேண்டாம். ஸ்டென்ட்டின் ஓரம் பிடிக்காமல் ரத்தம் புகுந்தால் உடனே சரிசெய்ய வேண்டும், பெரும்பாலும் இன்னொரு துண்டை உள்ளே வைத்துவிடுவார்கள். பின்பக்கச் சிறு கிளைகளிலிருந்து ரத்தம் திரும்பி வரும் வகை என்றால், புடைப்பு பெருக்காதவரை காத்திருப்பார்கள்.

எதுவும் பலிக்காமல் ஸ்டென்ட்டையே எடுக்க வேண்டி வந்தால் அது வலிய ஆபரேஷன், முதல் தடவை திறந்து செய்வதைவிடச் சிக்கல். கிளாம்ப்பைச் சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே போட வேண்டியிருக்கும் என்பதால் பல சர்ஜன்கள் அதற்குப் பக்கவாட்டு வழியையே தேர்ந்தெடுக்கிறார்கள். முன்பு வைத்த ஸ்டென்ட் எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று எழுதிய அட்டை உங்களிடம் இருக்கும். அதைத் தொலைக்காதீர்கள்.

11. எங்களுக்கு வீக்கம் இல்ல, அடைப்பு. நடந்தா ரெண்டு காலும் கடுக்குது. அதுக்கும் இதே வழிதானா?

பெருந்தமனி பிரியும் இடத்தில் அடைத்திருந்தால், வயிற்றிலிருந்து இரண்டு தொடைக்கும் ‘ஒய்’ வடிவக் குழாய் வைப்பார்கள். இதற்கும் நடுவயிறு, பக்கவாட்டு என்று இரண்டும் உண்டு. இரண்டு தொடையிலும் வேலை இருப்பதால் மல்லாந்து படுத்திருக்கும் நடுவயிற்று வழிதான் பலருக்கு வசதி.

வயிற்றைத் திறந்தால் தாங்காது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வயிற்றுக்கே போகாத வழி உண்டு. காறை எலும்புக்குக் கீழே உள்ள தமனியிலிருந்து தோலுக்கு அடியிலேயே குழாயைக் கொண்டுவந்து தொடையில் சேர்ப்பது. 1963-லிருந்து செய்கிறார்கள். நேர்வழியில் வைத்த குழாய் அளவுக்கு நீண்ட காலம் இது திறந்திருப்பதில்லை. அதனால் வயதானவர்களுக்கும், வயிற்றில் முன்பு வைத்த குழாயில் கிருமி சேர்ந்தவர்களுக்கும்தான் இதை யோசிப்பார்கள். அந்தப் பக்கம் இறுக்கமான பெல்ட்டோ, அழுத்திப் படுப்பதோ கூடாது.

12. நெஞ்சையும் சேர்த்துத் திறக்கணும்னு சொல்லிட்டாங்க. அது ஏன்?

புடைப்பு சிறுநீரகத் தமனிகளுக்கு மேலேயும், கல்லீரலுக்கும் குடலுக்கும் போகும் கிளைகள் வரையும் ஏறியிருந்தால், வயிற்று வழியில் மேல்பக்கம் கிளாம்ப் போட இடம் கிடைக்காது. அப்போது 3-வது பதிலில் சொன்ன கீறலையே மேலே நீட்டி, இடது விலாக்களுக்கு இடையே நெஞ்சைத் திறந்து, உதரவிதானத்தையும் ஓரமாக வெட்டிப் போவார்கள். இந்தப் பக்கத்தில் சொல்லும் எல்லாவற்றிலும் பெரியது இதுதான். தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டு, அதைத் தடுக்க முதுகில் சின்னக் குழாய் வைத்துத் தண்டுவட நீரை வடிப்பார்கள். இதைச் செய்யும் மருத்துவமனை எது என்பதை நன்றாக விசாரித்து முடிவெடுங்கள்.

13. கிட்னிக்கு ரத்தம் நின்னு போகாதா?

புடைப்பு சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே இருந்தால் கிளாம்ப்பும் கீழேதான். சிறுநீரகத்துக்கு ரத்தம் நிற்பதில்லை, ஆனாலும் பாதிப்பு வரலாம் என்று சிறுநீர் அளவை மணிக்கு மணி குறித்துக்கொண்டே இருப்போம். மேலே போட வேண்டி வந்தால் நேரம்தான் எதிரி. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) முன்பே அதிகம் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள், சி.டி. ஸ்கேனுக்குப் போடும் மருந்துகூட அதைப் பொறுத்தது.

14. வெடிச்சிட்டா எந்த வழி? அப்போ திருவனந்தபுரத்துக்கு ஓடணுமா, நாகர்கோவிலுக்கா?

திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடுமையான வலி, மயக்கம், வியர்வை, வயிற்றில் துடிக்கும் கட்டி. இவை சேர்ந்து வந்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். கல்லடைப்பு வலி என்று நினைத்து நேரம் போவதும் அதிகம், அதுவும் அறுபது தாண்டிய பீடி பிடிக்கும் ஆணுக்கு. திறந்து செய்வதென்றால் அந்த நேரத்தில் பெரும்பாலும் நடுவயிறுதான். 5-வது பதிலில் சொன்ன வேகம் இங்கேதான் உயிரைக் காக்கும். ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கக்கூட நேரமிருக்காது. ஸ்டென்ட்டும் வைக்கலாம். 2014-ல் வந்த பிரிட்டன் ஆய்வில் ஸ்டென்ட்டை முதல் வழியாக வைத்த குழுவில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 35.4 சதவீதம், திறந்து செய்த குழுவில் 37.4 சதவீதம். ஏறக்குறைய சமம், இரண்டும் பயங்கரம். வெடிக்குமுன் செய்தால் எவ்வளவு குறைவு என்று 9-வது பதிலில் பாருங்கள்.

எங்கே ஓடுவது என்றால்: 108-ஐக் கூப்பிட்டு, முதலில் எட்டக்கூடிய பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரமும், கிழக்கே இருப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியும் இயல்பாக வரும். ஆனால் வண்டியில் ஏறும்போதே ஒருவர் அங்கே போன் செய்து, ரத்தக்குழாய் சர்ஜன் இப்போது இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். அனூரிசம் இருப்பது முன்பே தெரியும் என்றால் இந்தக் கேள்வியை இன்றைக்கே கேட்டு, நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள்.

15. அட்டை அங்க எடுப்பாங்களா? எல்லைக்கு அந்தப் பக்கம்னா?

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. கேரளத்தில் இருப்பது காருண்யா திட்டம், அது அந்த மாநிலத்துக்காரர்களுக்கு. தமிழ்நாட்டு அட்டையை வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் போகிறவர்கள், அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அட்டையைக் காட்டி, இந்த ஆபரேஷனுக்கு, இந்த ஸ்டென்ட்டுக்கு ஒப்புதல் கிடைக்குமா என்று சேருவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஸ்டென்ட் கிராஃப்டின் விலை தனியாக லட்சக்கணக்கில் வரும், அதை மறக்காமல் கேளுங்கள். திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையத்தில் ரத்தக்குழாய் அறுவைப் பிரிவு உண்டு, நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் போகிறார்கள். இந்தப் பக்கமே பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சென்னை மருத்துவக் கல்லூரியில் ரத்தக்குழாய் அறுவைக்கென்றே தனி நிலையம் இருக்கிறது.

16. ஆபரேஷன் முடிஞ்சு இடது விலாப்பக்கம் புடைச்சுத் தொங்குது. தையல் விட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. பக்கவாட்டுக் கீறலில் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் அந்தப் பக்கத் தசை தளர்ந்து புடைத்துத் தெரியும். உள்ளே ஓட்டை இருக்காது, குடல் பிதுங்காது. பார்க்க நன்றாக இருக்காது, சட்டை ஒரு பக்கம் தூக்கும். இடைவார் கட்டினால் கொஞ்சம் ஆறுதல். சிலருக்கு அந்த இடம் மாதக்கணக்கில் எரிச்சலாக இருக்கும், அதற்கு மாத்திரை உண்டு. சகித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

நடுவயிற்றில் செய்தவர்களுக்குப் புடைத்தால் அது உண்மையான குடலிறக்கமாக இருக்கலாம், காட்ட வேண்டும். அனூரிசம் உள்ளவர்களின் திசுவே பலவீனம் என்பதால் இது அவர்களுக்கு அதிகம். பெல்ஜியத்தில் 2016-ல் வந்த ஆய்வில், மூடும்போதே வலை வைத்துத் தைத்தவர்களுக்கு இரண்டு வருஷத்தில் குடலிறக்கம் வரவில்லை, வைக்காதவர்களில் 28 சதவீதம் பேருக்கு வந்தது. உங்கள் சர்ஜன் வலை வைப்பாரா என்று கேட்பதில் தவறில்லை.

17. சிஸ்டர், இதை டாக்டர்ட்ட கேக்க வெக்கமா இருக்கு. ஆண்மைக்கு ஏதாவது ஆகுமா?

ஆகலாம். விறைப்புக்கும் விந்து வெளியேறுவதற்குமான மெல்லிய நரம்புகள் பெருந்தமனியைச் சுற்றியும், அது பிரியும் இடத்துக்கு முன்னாலும்தான் இறங்குகின்றன. நடுவயிறு, பக்கவாட்டு இரண்டிலும் அவை பாதிக்கப்படலாம். இடுப்புக்குள் போகும் தமனிகளுக்கு ரத்தம் குறைந்தாலும் அதே விளைவு, ஸ்டென்ட்டில் அந்தத் தமனியை மூட வேண்டி வந்தாலும் அப்படித்தான். முன்பே பிரச்சினை இருந்ததா என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அப்புறம் எது எதனால் என்று தெரியாது. வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டால்தான் அந்த நரம்பு போகும் பக்கத்தை சர்ஜன் இன்னும் கவனிப்பார்.

18. கஞ்சி எப்போ குடிக்கலாம்? ரப்பர் வெட்டப் போக எத்தனை நாள்?

குடலைத் தொடாத வழியில் ஒன்றிரண்டு நாளிலேயே தண்ணீர், கஞ்சி தொடங்கிவிடுவது வழக்கம். நடுவயிற்றில் குடல் விழித்துக்கொள்ள இன்னும் ஒன்றிரண்டு நாள் கூடும். வாயு பிரிந்ததா என்று நர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான், சிரிக்க வேண்டாம். மரச்சீனியும் மீன்கறியும் வீட்டுக்கு வந்த அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திறந்து செய்திருந்தால் எடை தூக்குவதும் வயிற்றில் அழுத்தம் வரும் வேலையும் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் கூடாது. ரப்பர் மரத்தில் கத்தி வைப்பது லேசான வேலை மாதிரி தெரியும், ஆனால் குனிந்து நிமிர்வதும் பால் வாளி சுமப்பதும் லேசில்லை. பனை ஏறுகிறவர்களும் வலை இழுக்கிறவர்களும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே திரும்ப வேண்டும். நடப்பது மட்டும் முதல் வாரத்திலிருந்தே வேண்டும்.

19. அண்ணனுக்கு வந்தா தம்பிமாருக்கும் வருமா?

வாய்ப்பு அதிகம். கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பது நல்லது. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ எந்த ஸ்கேன் சென்டரிலும் எடுக்கலாம், வெறும் வயிற்றோடு போனால் குழாய் தெளிவாகத் தெரியும். ‘பெருந்தமனியின் குறுக்களவைக் குறித்துக் கொடுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கல்லீரல், கிட்னி எல்லாம் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவார்கள்.